சுவடும் செலவும்: சேக்கிழார் காட்டும் கயிலை யாத்திரை

திருநாவுக்கரசர் திருவையாற்றில் அருளிய பதிகங்களுள், ஆணும் பெண்ணுமாய் இணைந்து வரும் உயிர்களைக் கண்டு பாடிய பதிகம் சைவ மக்கள் அனைவரும் அறிந்தது. பூவும் நீரும் சுமந்து கோயிலுட் புகுவாரின் பின்னே தாமும் புகுவதாக அதன் முதற் பாட்டு அமைகின்றது. அப்பாட்டிலேயே, தாம் வந்த வழியில் யாதொரு சுவடும் தோன்றாவகை ஐயாற்றை அடைந்ததாக அவர் கூறுகின்றார். வந்தது எங்கிருந்து என்பதைக் கூறவில்லை. பதினொரு பாட்டுக்களிலும் கயிலைப் பயணம் பேசப்படவில்லை. இமயத்தில் மூழ்கிக் காவிரிக்கரையில் எழுந்த அற்புதம் எல்லாம் பெரியபுராணத்தின் வழியாகவே நமக்குக் கிடைக்கின்றது.

ஆகவே ஓர் ஐயம் எழும். ஏழாம் நூற்றாண்டினராகிய அப்பர் சொல்லாததை, பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் எதனை ஆதாரமாகக் கொண்டு இத்துணை விரிவாகப் பாடினார்? செவிவழிச் செய்தி இருந்திருத்தல் கூடும். இராசராசன் தேவியருள் ஒருவராகிய உலோகமாதேவியார் திருவையாற்றில் எடுப்பித்த தளி இன்று உத்தரகைலாயம் என வழங்குகின்றது. ஐயாற்றையும் கயிலையையும் சேர்த்து எண்ணும் மரபு சேக்கிழார்க்கு முன்னரே வேரூன்றியிருத்தல் கூடும் என்பதற்கு அஃது ஒரு குறிப்பாகலாம். ஆயினும் செய்தி இருந்தது என்பதாற் காவியம் பிறவாது. சேக்கிழாரின் கற்பனைக்கு வித்தாய் நின்றது அப்பர் சொல்லிய ‘சுவடு’ என்ற ஒரு சொல்லே எனக் கருத இடமுண்டு. சுவடு இன்றி ஒருவர் வந்தார் எனின், அவர்க்கு அடி என்னாயிற்று? இவ்வினாவுக்கு விடையாகவே பாதம் தேய்ந்த வரலாறு எழுந்தது என்க.

அவ்வரலாற்றை மீண்டும் நினைவுகூர்தல் நன்று. திருக்காளத்தியை வழிபட்ட அப்பர்க்கு வடகயிலையைக் காணும் வேட்கை மூள்கின்றது. திருப்பருப்பதம் சென்று, தெலுங்கும் கன்னடமும் வழங்கும் நாடுகளைக் கடந்து, மாளவம், இலாடம், மத்திய தேசம் ஆகியவற்றின் வழியே காசியை அடைகின்றார். உடன்வந்தாரை அங்கே நிறுத்துகின்றார். பின்னர்த் தனியே கானகத்துட் புகுகின்றார்; இலையும் கனியும் உண்பதையும் விடுகின்றார்; இரவிலும் நடக்கின்றார். பாதங்கள் பரடளவும் தேயவே, கைகளை ஊன்றித் தாவுகின்றார். கைகள் மணிக்கட்டளவும் தேய, மார்பினால் உந்துகின்றார். மார்பு நைந்து என்பு முரியப் புரண்டு செல்கின்றார். புரளுதலும் இயலாது வழியிற் கிடக்கும் பொழுது முனிவர் ஒருவர், ஒரு தடாகத்தையும் உடன்கொண்டு, எதிரே தோன்றுகின்றார்.

இன்று கயிலைக்குச் செல்லத் திட்டமிடுவோர் கையில் இருக்கும் நூல்கள் வேறு வகையின. அவற்றுள் முதன்மை பெற்றது சுவாமி பிரணவானந்தர் எழுதி 1949இல் வெளிவந்த ஆங்கில நூல். கயிலையை இருபதுக்கு மேற்பட்ட முறை வலம்வந்தவர் அவர். குளிர்காலம் முழுவதும் மானசரோவரக் கரையிலுள்ள மடமொன்றிற் தங்கி, ஏரி உறைவதையும் உருகுவதையும் நாள்தோறும் குறித்து வைத்தவர். எந்தக் கணவாய் எந்தத் திங்களிற் திறக்கும், எத்தங்குமிடத்திலிருந்து எத்தங்குமிடம் எத்துணைத் தொலைவு, கம்பளி எத்தனை, மாவும் பருப்பும் எவ்வளவு என்பன அதன் பொருள். பக்தி அந்நூலிற் குறைவன்று. ஆனால் அது எண்ணிக்கையைத் துணையாகக் கொண்ட பக்தி. சேக்கிழாரின் காதையை இந்நூலோடு அடுத்து வைத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். யாத்திரைக்கு ஆயத்தம் செய்வோர் ஒவ்வொன்றாகச் சேர்க்கின்றனர். அப்பரோ ஒவ்வொன்றாகக் களைகின்றார். துணை போயிற்று, உணவு போயிற்று, உறக்கம் போயிற்று, கால் போயிற்று, கை போயிற்று. அவர் எடுத்துச் சென்றது ஒன்றேனும் காதையிற் சொல்லப்படவில்லை.

‘செலவு’ என்னுஞ் சொல்லைத் தமிழர் இக்காலத்திற் பணத்துக்கே பெரிதும் வழங்குகின்றனர். பழைய வழக்கில் அது போதலைக் குறிக்கும். அகப்பொருள் இலக்கணத்திற் ‘செலவழுங்கல்’ என ஒரு துறையுண்டு. பொருள்தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் நிலை கண்டு தயங்கி நிற்றல் அது. அத்தயக்கம் போகாமையைக் குறிப்பதன்று, அவளைத் தேற்றிப் பின் போதற்கேயாம் என்பது தொல்காப்பியர் கருத்து. பயணத்துக்குத் திட்டமிடுதல் எனப்படுவதும் ஒருவகைச் செலவழுங்கலே. அப்பர் வரலாற்றில் அத்துறைக்கு இடமில்லை. இதனைக் குறை என்பதா நிறை என்பதா என்பதற்கு விடை பின்னரே கிடைக்கும்.

முதலில் ஒரு வெளிப்படையான குறையை ஆராய்தல் வேண்டும். சேக்கிழார் காட்டும் வழியிற் பனி இல்லை. காசிக்கு வடக்கே செல்பவர், பனிமலைத் தொடரைக் கடவாமற் கயிலையை அணுகல் ஒண்ணாது. ஆனாற் காவியத்தில் அப்பர் நடப்பது கடும்பாலை. ஞாயிற்றின் கதிர்கள் நிலத்தின் பிளவுகளூடே நாகருலகளவும் சென்று எரிக்கும் என்று கவிஞர் வருணிக்கின்றார். இரவிற் பாம்புகள் தம் மணிகளை விளக்காக ஏந்துகின்றன. குளிரால் விறைத்தல், மூச்சு முட்டல், உறைபனியிற் கால் புதைதல் ஆகிய எதுவும் இங்கில்லை. தொண்டை நாட்டுக் குன்றத்தூரிற் பிறந்து சோழன் அவையில் அமைச்சராயிருந்த புலவர்க்குப் பனிமலை காட்சிப் பொருளாய் இருந்திராது. அறியாத நிலத்தைப் பாடவேண்டி வந்தபோது அறிந்த இலக்கணத்தை நாடினார் என்று கூறி இதனை ஒதுக்கிவிடலாம்.

அங்ஙனம் ஒதுக்குதல் அவசரமாகும். பாலை என்பது தமிழில் வெறும் நிலப்பெயரன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை எனும் வடிவங்கொள்ளும் என இளங்கோவடிகள் கூறுவர். அதற்குரிய உரிப்பொருள் பிரிவு. பிரிந்து செல்பவன் நடக்கும் நிலமே பாலை என்பது ஆயிரம் ஆண்டுப் புலமை மரபு. காசியில் அடியாரைப் பிரிந்து, ஊணைப் பிரிந்து, உறுப்பைப் பிரிந்து, தலைவனை மட்டும் நாடிச் செல்லும் ஒருவர்க்கு வேறு எந்நிலத்தைப் படைப்பது? பனியைப் பாடியிருப்பின் இமயத்தின் பெருமை தோன்றியிருக்கும்; பாலையைப் பாடியமையாற் செல்பவரின் நிலை தோன்றுகின்றது. இடையே ஒன்று கூறலாம். மேற்றிபெத்து மழைமறைவுப் பகுதி. மரமற்ற, வறண்ட, குளிர்ந்த பாலை. இமயத்தொடரைக் கடந்து அவ்வுயர்நிலத்தை அடைவோர் முதலிற் காண்பது வெறுமையும் வறட்சியுமே. சேக்கிழார் இதனை அறிந்து பாடினார் எனல் மிகையாகும். தற்செயலாய் நேர்ந்த பொருத்தம் என்ற அளவில் மகிழலாம்.

இனி, உறுப்புக்கள் தேயும் பகுதி. இக்காலத்து வாசகர் சிலர்க்கு இது அருவருப்புத் தரும். உடலை இவ்வாறு வதைத்தல் சைவத்துக்கு உடன்பாடோ என்றும் வினவுவர். அப்பரே தம் இளமையிற் சமணராயிருந்து பின் மீண்டவர். ஆகவே இவ்வினாவுக்கு வலிமையுண்டு. ஆயினும் அவர் உடலை வருத்தும் நோன்பாக இதனை மேற்கொண்டாரல்லர். கால் தேயவேண்டும் என்று நடக்கவில்லை. நடந்தமையாற் கால் தேய்ந்தது. நோன்பில் உடல் தன் பகையாகின்றது. இங்கே உடல் கடைசிவரை கருவியாகின்றது. ஓர் உறுப்பு இயலாதபோது அடுத்த உறுப்பு அதன் பணியை ஏற்கின்றது. உழவாரப் படை ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய ஒருவரின் உடல் அது. தேவார மூவருள் கையிற் கருவியோடு காட்சி தருபவர் இவரே. டிக்கோயாத் தேயிலை மலைகளிற் சுரண்டி பிடித்துக் களை எடுத்தவரும், கூடை சுமந்து கொழுந்து பறித்தவரும் இந்நாயனாரைத் தம்மவராகக் காண்பதில் வியப்பில்லை. உறுப்புத் தேய உழைத்தல் இன்னது என்பது அவர்க்கு உரைகாரர் விளக்கவேண்டிய செய்தியன்று.

அடியைப் பற்றிய குறிப்புக்கள் நாவுக்கரசர் புராணம் முழுவதும் தொடர்ந்து வருகின்றன. திருநல்லூரில் இறைவன் தன் திருவடியை அவர் தலைமேற் சூட்டினான். தலையில் அடியைப் பெற்றவரே கயிலை வழியிற் தம் அடியை இழக்கின்றார். காரைக்காலம்மையார் வரலாற்றையும் இங்கே எண்ணலாம். கயிலை மலையை அடியால் மிதித்தல் தகாது எனக் கருதி அவர் தலையினால் நடந்து ஏறினார். ஒருவர் அடியை விலக்கினார். ஒருவர் அடியைத் தேய்த்தார். இருவர் வழியிலும் சுவடு இல்லை. அம்மையார் கயிலையிற் தங்கவில்லை, திருவாலங்காட்டுக்கு அனுப்பப்பட்டார். அப்பர் திருவையாற்றுக்கு அனுப்பப்பட்டார். சுந்தரரோ வெள்ளையானை மீதும், சேரமான் பெருமாள் குதிரை மீதும் சென்றனர், அவர்கள் மீளவில்லை. வாகனத்திற் சென்றவர் அங்கேயே அமர, உடல்வருந்திச் சென்றவர் தமிழ்நாட்டுக்கே மீட்கப்பட்டது சிந்தனைக்குரியது. முன்னையோர்க்கு அது வாழ்வின் முடிவு. பின்னையோர்க்கு வாழ்வின் நடு.

இக்காதையின் உயிர்நிலை முனிவரோடு நிகழும் உரையாடலிலே உள்ளது. பிரசங்க மேடைகளிற் பெரிதும் பிழைபட எடுத்தாளப்படுவதும் அப்பகுதியே. ‘கயிலை எங்கோ இல்லை, உன் ஊரிலேயே உள்ளது, அலையாதே, திரும்பிப் போ’ என்று இறைவன் அப்பர்க்கு உரைத்ததாகப் பலர் சுருக்கிச் சொல்வர். பாட்டை உள்ளவாறு நோக்கின் அது பொருந்தாது. அங்கே மீள்க என்னும் மொழி இருமுறை வருகின்றது, இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, முனிவரின் மொழி. கயிலை மானிடர் அடையத்தக்கதன்று, திரும்புதலே உமக்குக் கடன் என்கின்றார் அவர். அப்பர் அதனை ஏற்கவில்லை. என்றேனும் அழியப்போகும் இவ்வுடலைச் சுமந்துகொண்டு, காணாமல் மீளேன் என மறுக்கின்றார். இரண்டாவது, முனிவர் மறைந்தபின் வானில் எழுந்த மொழி. அது முதலில் அவர் உடலை முன்போல் ஆக்குகின்றது. பின்னர், தடாகத்தில் மூழ்கி, கயிலையில் வீற்றிருக்கும் கோலத்தை ஐயாற்றிற் காண்க எனக் கட்டளையிடுகின்றது. இதனை ஏற்கின்றார்.

முதல் மொழி மறுப்பு. இரண்டாம் மொழி வரம். முதல் மொழிக்குப் பணிந்திருப்பின் இரண்டாம் மொழி பிறந்திராது. தகுதியில்லை என்று கூறித் திருப்பி அனுப்புவோர்க்கு அப்பர் தலைவணங்கவில்லை என்பதைச் சேக்கிழார் தெளிவாகவே பாடியுள்ளார். உள்ளூரிற் கயிலை உண்டு என்ற சொல், புறப்படாதவனுக்குச் சொல்லப்பட்டதன்று. கால் தேயுமளவும் நடந்தவர்க்குச் சொல்லப்பட்டது. ஏழைக்கு யாத்திரை எதற்கு என்று கேட்போர் இக்காதையைத் துணைக்கு அழைத்தல் முறையாகாது.

மலையகத்தில் இவ்வேறுபாடு வெறும் உரைநயமன்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தாற் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆந் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அந்நாளில் 9,75,000 எனக் கணக்கிடப்பட்ட மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பகுத்தது; எஞ்சியோர் நிலை பின்னரே பேசப்பட்டது. ‘திரும்பிப் போ’ என்ற மொழியை இம்மக்கள் முனிவர் வாயிலாகக் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோர் குடியுரிமைக்கு வழிசெய்த சட்டங்களுள் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிற்பட்டது. அதுவரை, நாடற்றிருந்த ஒருவர் கயிலைக்குத் திட்டமிடுதல் என்பது முதற்படியிலேயே நின்றுவிடும். கடவுச்சீட்டு இல்லை. பிரணவானந்தரின் கம்பளிக் கணக்கு அதற்குப் பின்னரே வருவது.

இன்று அத்தடை நீங்கியது. இலங்கையர்க்கு வேறு தடைகள் உள. இந்திய அரசு 1981 முதல் நடத்திவரும் யாத்திரை இந்தியக் குடிமக்களுக்கே உரியது. 2020 முதல் நின்றிருந்து 2025இல் மீண்டும் தொடங்கிற்று. ஏனையோர் பெரும்பாலும் நேபாளம் வழியாகக் குழுவாய்ச் செல்கின்றனர். சீன விசாவோடு திபெத்துக்குரிய அனுமதியும் வேண்டும். மானசரோவரம் ஏறத்தாழ 4,590 மீற்றர் உயரத்தில் உள்ளது. கயிலையை வலம்வரும் வழி 52 கிலோமீற்றர். அதன் உச்சமாகிய தோல்மா கணவாய் 5,630 மீற்றர். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்திலிருப்பதிற் பாதியளவே. டிக்கோயா போன்று 4,000 அடி அளவிலான மலைநாட்டில் வாழ்வோர் தமக்கு உயரம் பழக்கம் என எண்ணுதல் இயல்பு. அது தவறான எண்ணம். உயரநோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் தலைகாட்டும். சிவனொளிபாத உச்சியே 2,243 மீற்றர்தான். 3,000 மீற்றரைக் கடந்தபின் நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்ந்து துயிலலாகாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை தங்கி இளைப்பாறவேண்டும் என்றும் மருத்துவர் கூறுவர். தலைவலியும் வாந்தியும் மிகுந்தால் இறங்குதலே மருந்து.

இக்கணக்கை நோக்கும்பொழுது, செலவழுங்கல் இல்லாத அப்பர் செலவைப் பற்றிய வினாவுக்கு ஒருவகை விடை தோன்றுகின்றது. மோட்டார் வண்டியில் ஏரிக்கரையை நாட்கணக்கில் எட்டும் யாத்திரிகரை வருத்துவது வேகம். உடல் அந்த வேகத்திற் பழகுவதில்லை. தெற்கிலிருந்து கால்நடையாய்த் திங்கள்தோறும் உயர்ந்து செல்பவர் உடல், வழியிலேயே ஆயத்தமாகின்றது. அவர்க்கு வழியே திட்டம். அப்பர்க்கு ஆயத்தம் இல்லை என்பதினும், அவர் செலவு முழுவதுமே ஆயத்தம் என்பது பொருந்தும். காட்சிக்கு ஏற்ற கண்ணைப் பெறும் ஆயத்தம் அது.

அக்கண் எதனைக் கண்டது என்பதிலே ஐயாற்றுப் பதிகத்தின் அருமை உள்ளது. களிறும் பிடியும், சேவலும் பேடையும், குயில், மயில், நாரை, கிளி, ஏறு எனக் காவிரிக்கரையில் யாரும் நாள்தோறும் காணும் உயிர்கள். பொன்மலையும் மணிமண்டபமும் இல்லை. இவ்விணைகளையே சத்தியும் சிவமுமாகக் கண்டார் என்பது சேக்கிழார் தரும் பொருள். மற்றொன்றும் நோக்கற்பாலது. அப்பர் பதிகங்களின் இறுதிப் பாட்டிற் பெரும்பாலும் இராவணன் கயிலையைப் பெயர்த்து விரலாலே நெரியுண்ட செய்தி வரும். இலங்கையிலிருந்து கயிலை சென்றாருட் பாட்டிற் பெயர்பெற்ற முதல்வன் அவனே. தன் தேருக்கு மலை இடையூறு என எண்ணியவன். ஐயாற்றுப் பதிகத்தின் இறுதிப் பாட்டில் அவன் இல்லை. அவ்விடத்தில் இளநாகோடு ஏறு வருகின்றது. மலையைப் பெயர்க்க முயன்றவனின் நினைவும் அந்நிலையிற் புலவர்க்கு வரவில்லை போலும்.

சேக்கிழாரின் தடாகத்துக்குப் பெயரில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அதனை மானசரோவரம் எனக் கூறுதல் பிற்கால வழக்கு. கவிஞர் ஒரு நீர்நிலை என்ற அளவில் நிறுத்தினார். முனிவரோடு வந்த தடாகம் எங்கும் வரும்.

டிக்கோயாவிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் பாதை சிவனொளிபாத யாத்திரிகர் வழி. 1960களில் எழுந்த காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வழியின் இருமருங்கும் நீரைப் பரப்பியுள்ளன. மலையும் ஏரியும் ஒருங்கே காணும் ஊர் இது. இதனையும் கயிலையையும் ஒப்பிடுவோர், பல சமயத்தார்க்கும் பொதுவாதலை முதலிற் கூறுவர். கயிலை சைவர்க்குச் சிவனிருக்கை, திபெத்தியப் பௌத்தர்க்குத் தெய்வமலை, சமணர்க்கு இடபதேவர் வீடுபெற்ற இடம், பொன் சமயத்தார்க்கு இடம்சுற்றி வரும் மலை. சிவனொளிபாதத்துச் சுவட்டைச் சைவர் சிவனடி என்பர், பௌத்தர் புத்தர் அடி என்பர், இஸ்லாமியரும் கிறித்தவரும் ஆதாம் அடி என்பர். ஆனால் வேறுபாடே பெரிது. கயிலை உச்சியில் யாரும் ஏறுவதில்லை, சுற்றுதலே வழிபாடு. இங்கே உச்சிவரை எல்லாரும் ஏறுவர், கைக்குழந்தையும் முதியவரும் உட்பட. அங்கே செல்பவன் சுவடு இழக்கவேண்டும். இங்கே வழிபடு பொருளே சுவடு.

மார்கழிப் போயா முதல் வைகாசிப் போயா வரை, தோட்ட வேலை முடிந்த மாலையிற் புறப்பட்டு, இரவெல்லாம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் ஏறி, விடியலில் உச்சியை அடைந்து, மறுநாளே இறங்கிவரும் குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. அவர்களுட் சிலர் இறங்கியபின் படிகளில் இருந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்வர். கயிலையினின்று மீண்ட அப்பர் பூந்துருத்தி சென்றார், பாண்டிநாடு சென்றார், பின்னர்த் திருப்புகலூரில் மீண்டும் உழவாரப் படையை எடுத்தார். அம்முற்றத்திற் பொன்னும் மணியும் கிடந்தன. பருக்கைக் கற்களோடு அவற்றையும் சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு அவர் புல்லைச் செதுக்கலானார்.